நாலு மணிக்கு மேல் நடக்கும் வகுப்பு

நைனா,

என் அப்பாவைக் கூப்பிட்ட சொல்லால்தான் உன்னையும் கூப்பிட்டுப் பழகியிருக்கிறேன். இரண்டு வருடமாகக் கணக்கு வாத்தியாராக இருக்கிறவனை இனி எப்படிக் கூப்பிடுவது என்று யோசித்துப் பார்த்தேன். வேறு எதுவும் வரவில்லை. இருக்கட்டும்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து நான் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது நீ போன் செய்தாய். சாப்பிட்டாயா என்றுகூடக் கேட்கவில்லை.

"ம்மா, உங்க ஸ்கூல்ல பத்தாவதுக்கு ஒரு சீட் வேணும்."

"யாருக்கு?"

"பூர்ணிமாவுக்கு. அவங்க நைனா வந்து கேட்டாரு. நீ சொன்னா ஹெச்.எம். குடுப்பாங்க."

"நீ என்னா சொன்ன அவருகிட்ட?"

"நான் என்னா சொல்றது. எங்கிட்டயே இருந்தா அவ வீணாப் போயிடுவாம்மா."

பாக்கலாம் என்றேன். வைத்துவிட்டாய். அந்தக் கடைசி வாக்கியத்தை நீ சாதாரணமாகத்தான் சொன்னாய், பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்வதுபோல. அதனால்தான் அது என்னுடனேயே வீட்டுக்கு வந்தது. சமையலறைக்கும் வந்தது.

மறுபடி போனில் பேசியிருக்கலாம். ஆனால் குரல் உயர்ந்தால் நான் தெலுங்குக்குப் போய்விடுகிறேன், நீ இங்கிலீஷுக்குப் போய்விடுகிறாய். நம் இருவருக்கும் இடையில் ஒரு பாஷையும் மிஞ்சுவதில்லை. எழுதினால் தமிழிலேயே இருப்பேன். உன் பள்ளி ஆசிரியர்களும் என் பள்ளி ஆசிரியர்களும் படிக்கலாம் என்றுதான் எழுதுகிறேன். பூர்ணிமா என்பது அவள் பெயரல்ல என்று உனக்குத் தெரியும். மற்றவர்களுக்குத் தெரிய வேண்டாம். அவளைக் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். ஏன் கேட்டேன், எப்போது கேட்டேன் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

படிக்கிற மற்றவர்களுக்காக ஒரு வரி. நீ சித்தூர் மாவட்டத்து விஜயபுரம் பக்கம் தமிழ்வழி உயர்நிலைப் பள்ளியில் கணக்கு நடத்துகிறாய். நான் திருப்பதியில் ஒரு உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் நடத்துகிறேன். பத்தாம் வகுப்புத் தேர்ச்சியில் எங்கள் பள்ளிக்கு நல்ல பெயர். அதனால் வருடத்தில் சில நாட்கள் சுற்றியுள்ள மண்டலங்களிலிருந்து பிள்ளைகளை அழைத்து வருவார்கள். நன்றாக நடக்கிற பள்ளியை ஒரு நாள் பார்த்தால் அவர்களுக்கும் ஏதாவது ஒட்டிக்கொள்ளும் என்று. சென்ற மாதம் உன் ஒன்பதாம் வகுப்பு வந்தது.

எண்ணெய் வைத்து வாரிய தலைகள். துவைத்து, காயாமலேயே போட்டுக்கொண்டு வந்த யூனிஃபார்ம்கள். பஸ்ஸிலிருந்து கடைசியாக நீ இறங்கினாய். பிள்ளைகள் முன்னால் என்னை "குட்மார்னிங் மேடம்" என்றாய். நானும் "குட்மார்னிங் சார்" என்றேன். எனக்குச் சிரிப்பு வந்தது. உனக்கு வரவில்லை.

அன்றைக்கு முன்னால் நாங்கள் செய்ததைச் சொல்ல வேண்டும். தாழ்வாரம் கழுவினோம். வாசலில் முக்குக் கோலம் போட்டோம். பூட்டியே கிடக்கும் ஆய்வகத்தைத் திறந்து தூசி தட்டினோம். செரிமானப் பாடத்தை என் பத்தாம் வகுப்புக்கு இரண்டு தடவை ஒத்திகை பார்த்தேன். விருந்தாளி வந்தால் நல்ல தட்டை எடுத்து வைப்பதில்லையா, அப்படித்தான் நினைத்தேன். கூடவே அந்தக் கை தூக்கும் பழக்கமும். பதில் தெரிந்தவர்கள் ஐந்து விரலையும் விரித்துக் கை தூக்க வேண்டும். தெரியாதவர்கள் கட்டைவிரலை உள்ளே மடக்கிக்கொண்டு தூக்க வேண்டும். பார்க்க வந்தவருக்கு வகுப்பு முழுவதும் கைகள். யாரை எழுப்பலாம் என்று டீச்சருக்கு மட்டும் தெரியும். இதை முதலில் யார் ஆரம்பித்தார்களோ. சித்தூர்ப் பக்கத்தில் ஆசிரியர்கள் மாறுதலாகிப் போகும்போது இதுவும் கூடவே மாறுதலாகிப் போகிறது. நான் வேலைக்குச் சேர்ந்த பள்ளியில் இருந்தது. அடுத்ததிலும் இருந்தது.

கல்லீரல் எதைச் சுரக்கிறது என்று கேட்டேன். என் பிள்ளைகள் எல்லோரும் கை தூக்கினார்கள். பின் பெஞ்சுகளில் உட்கார்ந்திருந்த உன் பிள்ளைகளும் தூக்கினார்கள். கேள்வி அவர்களுக்கு இல்லை. ஆனால் கை தன்னால் எழும்பிவிட்டது. முன்னால் நின்று பார்த்தால், அந்தப் பின்வரிசைகளில் பாதிக்கு மேல் கட்டைவிரல் இல்லாத கைகள்.

முதலில் திரும்பிப் பார்த்தவள் என் லாவண்யா. வகுப்பிலேயே நன்றாகப் படிக்கிறவள். தன் பின்னால் இருந்த பெண்ணின் கையைப் பார்த்தாள். அந்தப் பெண், முன்னால் இருந்த கைகளைப் பார்த்தாள். இரண்டு பேருக்கும் அடக்க முடியவில்லை.

"என்ன சிரிப்பு அங்க?"

அந்தப் பெண்தான் எழுந்தாள். பூர்ணிமா.

"ஒண்ணுமில்ல மேடம். இவுங்களும் வெரல மடக்கிக்கினு தூக்கறாங்க. எங்க ஊர்லதான் அப்டின்னு நெனச்சிக்கினு இருந்தோம்."

வகுப்பே சிரித்தது. இரண்டு ஊர்ப் பிள்ளைகளும் சேர்ந்து. வாசலில் நின்றிருந்த எங்கள் தலைமையாசிரியை மெல்ல நகர்ந்து போய்விட்டார். நீ ஜன்னல் பக்கம் திரும்பி மலையைப் பார்த்துக்கொண்டிருந்தாய். உன் காது சிவந்திருந்தது. உன் பிள்ளைகளுக்கு அந்தப் பழக்கத்தைக் கொடுத்தது நீயா, உனக்கு முன்னால் இருந்தவரா என்று நான் கேட்கவில்லை. யாரைக் கேட்க எனக்கு என்ன தகுதி? எனக்கு வந்தது வெட்கம் என்று சொல்ல முடியாது. இத்தனை வருடம் என் வகுப்பு ஆகாயத்துக்குக் காட்டிக்கொண்டிருந்த கைகளை, முதல் தடவையாக ஒருத்தி படித்துவிட்டாள். அவ்வளவுதான்.

மதிய உணவில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். லாவண்யாவின் அம்மா திருத்தணிப் பக்கம். தமிழ் அவளுக்கு வரும். அவர்கள் பேசியதை நான் பரிமாறிக்கொண்டே கேட்டேன்.

"அப்ப மார்க்கு?" என்றாள் பூர்ணிமா. "அதுவும் வெரல்லதான் வர்தா?"

"சீ, போவே. மார்க்கு நெஜம்."

"எப்டி வர்து?"

"மொதல்ல முட்டைய துன்னு. நாலு மணிக்கு மேல இரு, காட்றேன்."

"மூணரைக்கு பஸ்ஸு எடுத்துடுவாங்க."

"ஒங்க சார கேளு."

"எங்க சாரயா? அவரு கணக்கு தவிர ஒண்ணும் பேச மாட்டாரு."

"அப்ப கணக்குன்னே சொல்லு."

அவள் உன்னிடம் வந்து "சார், ஒரு கணக்கு பாக்கணும்" என்றாள். நீ என்னைப் பார்த்தாய். டிரைவர், ரேணிகுண்டா தாண்டுவதற்குள் இருட்டிவிடும் என்று முணுமுணுத்தார். நீ அவரைத் தனியாக அழைத்துப் போய்ப் பேசினாய். டீ வாங்கிக் கொடுத்தாய் என்று பிறகு கேள்விப்பட்டேன். அன்றைக்கு நீ செய்த காரியங்களில் எனக்குப் பிடித்தது அதுதான்.

நாலு மணிக்கு மேல் எங்கள் பள்ளியில் என்ன நடக்கிறது என்பதை நாங்கள் யாருக்கும் காட்டுவதில்லை. காரணம் இருக்கிறது. சில வருடங்களுக்கு முன் எங்களுக்குக் கணக்கு ஆசிரியர் இல்லை. இருந்தவர் மாறிப் போனார், அடுத்தவர் வரவில்லை. பத்தாம் வகுப்பு பயந்து போனது. அவர்களே நாலு மணிக்கு மேல் உட்கார ஆரம்பித்தார்கள். ஒருத்தர் போர்டில் போய்க் கணக்கைத் தனக்குத் தெரிந்தவரை போடுவது. நின்றுபோன இடத்தில் கீழே ஒரு கோடு கிழித்து, இவ்வளவுதான் தெரியும் என்று சொல்வது. மற்றவர்கள் விடை சொல்லக்கூடாது. கேள்வி மட்டும் கேட்கலாம். விடை சொன்னவன் மறுநாள் போர்டைத் துடைக்க வேண்டும். யார் இந்தச் சட்டங்களைப் போட்டார்கள் என்று இப்போது ஒருவருக்கும் ஞாபகமில்லை. அந்த வருடம் தேர்ச்சி ஏறியது. பிறகு கணக்கு ஆசிரியர் வந்தார். வகுப்பு நிற்கவில்லை. அவர் பின்னால் உட்கார்ந்திருப்பார். நானும் சில நாட்கள் உட்காருவேன். ஆனால் பார்க்க வருகிறவர்களுக்கு இதை எப்படிக் காட்டுவது? ஆசிரியர் இல்லாத கதையைச் சொல்ல வேண்டும். அதைவிட, விருந்தாளிகள் முன்னால் எங்கள் பிள்ளைகள் ஒவ்வொருவராக எழுந்து தெரியாது என்று சொல்லிக்கொண்டிருப்பார்கள். ஆகவே முக்கு போட்டோம். செரிமானம் நடத்தினோம்.

அன்று நீ கடைசி பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்தாய். லாவண்யா, பூர்ணிமாவைப் போர்டுக்குத் தள்ளினாள். அவள் ஒரு முக்கோணம் போட்டாள். இரண்டு பக்கம் சமம் என்றால் எதிரே உள்ள இரண்டு கோணமும் சமம் என்று காட்ட வேண்டும். தமிழில்தான் எழுதினாள். இரண்டு வரி. நின்றாள். கீழே கோடு கிழித்தாள். "இத்தினிதான் தெரியும்" என்றாள். குரல் கேட்கவே இல்லை.

உன் கால் ஆட ஆரம்பித்தது. நீ எழப் பார்த்தாய். நான் உன் முழங்கையைப் பிடித்தேன். ஞாபகம் இருக்கிறதா?

முன்வரிசையில் ஒரு பையன் தெலுங்கில் கேட்டான், அங்கே எத்தனை முக்கோணம் இருக்கிறது என்று. லாவண்யா தமிழில் சொன்னாள். "ஒண்ணு" என்றாள் பூர்ணிமா. சர்வசமானம் காட்ட எத்தனை வேண்டும் என்றான். அதற்கு மொழிபெயர்ப்பு வேண்டியிருக்கவில்லை. உங்கள் புத்தகத்தில் சர்வசமம், எங்கள் புத்தகத்தில் சர்வசமானம். "ரெண்டு" என்றாள். சொல்லிவிட்டு, தான் சொன்னதையே கேட்டுக்கொண்டிருப்பவள்போல நின்றாள். வகுப்பில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. அவ்வளவு நேரம் ஒரு பிள்ளையை ஒரு வகுப்பு பொறுத்துக்கொண்டிருப்பதை நீ எங்கேயாவது பார்த்திருக்கிறாயா? பிறகு அவள் உச்சியிலிருந்து கீழே ஒரு கோடு இழுத்தாள். முக்கோணம் இரண்டானது. மீதியை எழுதின வேகத்தில் சாக்பீஸ் உடைந்தது.

நான் உன்னைப் பார்த்தேன். உன் முகத்தில் சந்தோஷம் இல்லை. ஏதோ ஒன்றில் தோற்றவன் முகம். அன்றைக்கு எனக்கு அது புரியவில்லை.

நீங்கள் கிளம்பிப் போனதும் தலைமையாசிரியை என்னைக் கூப்பிட்டார். "அதை ஏன் காட்டினாய்?" என்று தெலுங்கில் கேட்டார். கோபம் இல்லை, களைப்புதான். "காலையிலிருந்து இத்தனை பேர் பாடுபட்டோமே அம்மா."

"அவங்களே கேட்டாங்க மேடம்," என்றேன்.

"கேட்டா காட்டிடறதா?" என்றார். பிறகு, நான் கதவருகே போனபோது, "அந்தப் பொண்ணு யாரு? நல்லா வரும்," என்றார்.

உன் போன் வந்தபோது அந்த வார்த்தை எனக்கு உதவும் என்று தெரிந்தது. திங்கட்கிழமை கேட்டேன். இடம் இருக்கிறது. சனிக்கிழமைக்குள் சொல்லச் சொல்லியிருக்கிறார். விடுதி வேண்டாம், நம் வீட்டில் உன் அறை காலியாகத்தான் இருக்கிறது, அங்கேயே தங்கட்டும் என்று நானே முடிவு செய்துவிட்டேன். கட்டிலில் கிடந்த பழைய துணிகளை எடுத்து மடித்து வைத்தேன். ஜன்னலைத் திறந்தேன்.

அந்த அறையில் நின்றபோதுதான் நீ ஆறாம் வகுப்புக்கு வந்த வருடம் ஞாபகம் வந்தது.

சித்தூரில் மிஷன் பள்ளிக்கூடத்தில் தமிழில் படித்துக்கொண்டிருந்தாய். ஓயாத வாய். எனக்குத் திருப்பதிக்கு மாறுதல் வந்தது. நான் அப்போது பல்கலைக்கழகத்தில் தபால்வழியில் எம்.ஏ. படித்துக்கொண்டிருந்தேன். உன்னை இருபத்தொரு வயதில் பெற்றவள். உன்னோடு சேர்ந்துதான் நானும் படித்தேன், ஒரே மேசையின் இரண்டு பக்கத்தில். இங்கே உன்னை இங்கிலீஷ் மீடியத்தில் சேர்த்தோம். பிள்ளைகள் எல்லோரும் தெலுங்கு. முதல் வாரம் நீ ஏதோ கேட்கப் போய் வகுப்பு சிரித்திருக்கிறது. நீ எங்களிடம் சொல்லவில்லை. உன் அப்பாவின் நண்பருடைய மகன் சொல்லித் தெரிந்தது. "பழகிடுவான்," என்றார் உன் அப்பா. ரேணிகுண்டாவில் ரயில்வே வேலை, எல்லா ஊர் ஆட்களோடும் பேசிப் பழகியவர். அவர் சொன்னது சரிதான். நீ பழகினாய். இரண்டு வருடத்தில் வகுப்பில் முதலாவதாக வந்தாய். ஆனால் அந்த இரண்டு வருடத்தில் இன்னொன்றும் நடந்தது. நீ எந்தக் கணக்கையும் வீட்டில் நாலு தடவை போட்டுப் பார்க்காமல் பள்ளிக்குக் கொண்டுபோகவில்லை. மற்றவர் முன்னால் நின்றுபோகவே கூடாது. நின்றால் வாய் திறந்து கேட்க வேண்டும். கேட்டால் சிரிப்பார்கள். கணக்கில் சிரிக்க ஒன்றுமில்லை என்று கண்டுகொண்டாய். என் மகன் கணக்கில் கெட்டி என்று நான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அங்கே உன்னைச் சேர்த்தது சரியா, தவறா? இத்தனை நாள் கழித்தும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அதில்தான் நீ ஆளானாய். அந்த ஆளைத்தான் நான் இப்போது கவலையோடு பார்க்கிறேன். இரண்டும் இருக்கிறது.

பூர்ணிமாவுக்கும் அதே பாதைதான் வரும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் கணக்கு இப்படி: எங்கள் பள்ளியில் அவள் பொதுத்தேர்வில் தெலுங்கை முதல் மொழியாக எழுத வேண்டும். அறிவியலையும் சமூக அறிவியலையும் இங்கிலீஷில் எழுத வேண்டும். கையில் ஒரே ஒரு வருடம். நாலு மணிக்கு மேல் அவள் போர்டில் நின்றது ஒரு நாள். அது நடந்தது லாவண்யா பக்கத்தில் நின்று இரண்டு பக்கமும் பேசியதால். அடுத்த வருடம் லாவண்யா பதினொன்றாம் வகுப்பு, இண்டருக்குப் போயிருப்பாள்.

இதையெல்லாம் யோசித்து, சேர்க்கலாமா வேண்டாமா என்று மனதில் ஒரு முடிவுக்கும் வராமல் இருந்தேன். நீ முடிவு செய்துவிட்டாய், அவள் அப்பா முடிவு செய்துவிட்டார், தலைமையாசிரியை சரி என்றுவிட்டார். நான் ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டேன். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் தெரியாத எண்ணிலிருந்து போன்.

"மேடம், நான் பூர்ணிமா. லாவண்யாக்கா ஒங்க நம்பரு குடுத்தாங்க. நைனா போன்ல இருந்து பேசறேன். அவரு தண்ணி கட்டிக்கினு இருக்காரு."

"சொல்லும்மா."

"எனுக்கு சீட்டு கேட்டுக்கினு இருக்காங்களாமே, நெஜமா?"

"ஆமா. உங்கிட்ட யாரும் கேக்கலயா?"

"சொன்னாங்க. கேக்கல."

"நான் கேக்கறேன். உனக்கு இங்க வரணுமா?"

மோட்டார் சத்தம் கேட்டது. யாரோ தூரத்தில் மாட்டை அதட்டினார்கள். அவள் யோசித்து முடிக்கும்வரை நான் காத்திருந்தேன். அதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

"அங்க வந்தா நான் லாவண்யாக்கா மாதிரி ஒருத்தி பின்னாடி மேடம். இங்க நான்தான் லாவண்யாக்கா."

நான் சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை.

"நாங்களும் ஆரம்பிச்சிட்டோம் மேடம். தண்ணி டேங்க் பின்னாடி. மத்தியானம் சோறு துன்னுட்டு, செவுத்துல கரியால போட்றோம். ஆறு பேரு. மொதல்ல நாலு பேருதான். பசங்க ரெண்டு பேரு கிண்டல் பண்ணிக்கினு வந்தானுங்க, இப்ப அவுனுங்களும் நிக்கறானுங்க."

"சாருக்குத் தெரியுமா?"

"அய்யோ!"

"ஏன்?"

இதற்கு அவள் உடனே பதில் சொன்னாள். ரொம்ப நாளாக வைத்திருந்த பதில் என்று தோன்றியது. அவள் சொன்னதைச் சொன்னபடியே எழுதுகிறேன்.

"சார் சூப்பரா நடத்துவாரு மேடம். தப்பே போட மாட்டாரு. எங்கயுமே நிக்க மாட்டாரு. போட்டு முடிச்சிட்டு புரிஞ்சுதான்னு கேப்பாரு. புரிஞ்சுது சார்னுவோம். அவ்ளோ அழகா போட்டவருகிட்ட புரியலன்னு சொன்னா நல்லாவா இருக்கும்? பாவம்."

பாவம் என்றாள், நைனா. உன்மேல் கோபமாக இருந்தால் எனக்குக் கவலை இருந்திருக்காது.

கரும்பலகையில் உன் கையெழுத்து எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். சமக்குறிகள் ஒன்றின்கீழ் ஒன்றாக நிற்கும். எதையும் அழிக்க மாட்டாய். முதல்நாளே வீட்டில் போட்டுப் பார்த்து வருகிறாய். உன் பிள்ளைகள் பார்ப்பது முடிந்துபோன கணக்கை. நீ தடுமாறின இடம் உன் வாடகை அறையிலேயே தங்கிவிடுகிறது. அவள் உன்னிடம் வீணாகவில்லை. அவள் டேங்க் பின்னால் நிற்கிறாள், அவ்வளவுதான். உன் வகுப்பறைக்கும் அந்தச் சுவருக்கும் எத்தனை தூரம் இருக்கும்?

அவளுக்கு வேண்டியதை அவளே சொன்னாள். நாலு மணிக்கு மேல் வகுப்பறை வேண்டும். போர்டு வேண்டும். இப்போது எல்லோரும் பிடிப்பது நாலேகால் பஸ். அடுத்தது ஆறுக்கு. பெண் பிள்ளைகளை ஆறு மணி பஸ்ஸுக்கு வீட்டில் விட வேண்டும் என்றால் சார் போய்ப் பேச வேண்டும். சார் கூட இருக்கிறார் என்றால் விடுவார்களாம். "சார் இருக்கணும் மேடம். பின்னாடி உக்காரணும். ஆனா பேசக்கூடாது."

"இதை நீயே அவர்கிட்ட கேக்கலாமே."

"நீங்கதான அவுரு அம்மா?"

எழுதுகிறேன் என்றேன். அவள் பெயரை மாற்றி எழுதட்டுமா, நாலு பேர் படிக்கட்டும் என்று அப்போதுதான் அவளைக் கேட்டேன். "பூர்ணிமான்னு வைங்க," என்றாள். ஆக, அந்தப் பெயரும் அவள் வைத்துக்கொண்டது.

பின்னால் உட்காருவதைப் பற்றி எனக்குக் கொஞ்சம் தெரியும். சுலபமில்லை. முதல் சில நாட்கள் கையை எங்கே வைப்பது என்று தெரியாது. விடை பல்லுக்குப் பின்னால் வந்து நிற்கும். ஒரு பிள்ளை தப்பான வழியில் ஐந்து வரி போகும்போது முதுகு வலிக்கும், உண்மையாகவே. நான் திருத்துவதற்குத் தாள்களை எடுத்துப் போய் உட்காருவேன். ஒரு தாளையும் திருத்தியதில்லை. இன்னொன்று. அவர்களுக்காகத் தெரியாததுபோல நடிக்காதே. கண்டுபிடித்துவிடுவார்கள். கட்டைவிரலையே படித்த பிள்ளைகள். உனக்கு நிஜமாகவே நின்றுபோன ஒன்று இருக்குமே, கல்லூரியிலிருந்தோ அதற்கு முன்னாலிருந்தோ. அதை எடுத்துப் போ. ஒரு நாள் நீயும் கோடு கிழி. உன் வகுப்பு சிரிக்கலாம். சிரிக்கட்டும். இது ஆறாம் வகுப்பு இல்லை.

அவள் சொல்வது சரிதானா என்று எனக்குத் தெரியாது. பதினாலு வயது. இங்கே வந்தால் மார்க் கூடவே வரலாம். அங்கே இருந்து, நீ முழு மனதோடு செய்யாமல், ஆறு பேரில் நாலு பேர் விலகி, அவள் தனியாகக் கரியோடு நிற்கவும் நேரலாம். அதனால் தலைமையாசிரியையிடம் இன்னும் வேண்டாம் என்று சொல்லவில்லை. சனிக்கிழமை வரை இடம் இடமாகவே இருக்கும். அவள் அப்பாவிடம் பேச வேண்டியது நீ. அவர் உன்னிடம்தான் வந்து கேட்டார். எங்கேயோ ஒரு நல்ல பள்ளியைப் பார்த்துவிட்டு வந்து மகள் அதையே பேசிக்கொண்டிருந்தால், எந்த அப்பாவும் அதைத்தான் கேட்பார். அந்த வகுப்பு உன் பள்ளியிலேயே, அவருடைய கிராமத்திலிருந்து ஒரே பஸ்ஸில் போகிற தூரத்தில் நடக்கப்போகிறது என்றால் அவர் என்ன சொல்வார் என்று நீதான் கேட்டுப் பார்க்க வேண்டும். ஆனால் உன் மனதில் முடிவு இல்லாமல் போய்க் கேட்காதே.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பூர்ணிமா மறுபடி கூப்பிடுவாள், அவள் அப்பா தண்ணீர் கட்டுகிற நேரத்தில். சார் உட்காருவாரா என்று கேட்பாள்.

என்ன சொல்லட்டும்?

அம்மா